திடீர் வேலையும் சட்டைப்பைக் கருவியும்

(நூலக வாசகர் வட்டத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1889ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து ராணுவம் ஷ்மிட்-ரூபின் என்ற புதிய துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. அதைப் பிரித்துத் துடைத்து மறுபடி மாட்ட வேண்டுமானால் திருப்புளி வேண்டும். தகர டப்பாவில் அடைத்த உணவும் அந்தக் காலத்தில்தான் சிப்பாயின் மூட்டைக்குள் வந்து சேர்ந்தது. டப்பாவைத் திறக்க ஒன்று வேண்டும். ரொட்டியை அறுக்க ஓர் அலகு, தோல்வாரில் துளை போட ஒரு முனை. இந்த நான்கையும் ஒரே மடக்குக்கத்திக்குள் வைத்து ஆளுக்கொன்று கொடுப்பதென்று ராணுவம் தீர்மானித்தது. கறுப்பாக்கிய மரப்பிடி போட்ட அந்த முரட்டுக் கத்திதான் இன்று உலகம் முழுவதும் சிவப்புப் பிடியோடு விற்கும் சுவிஸ் கத்திக்கு மூத்த அண்ணன்.

அந்தக் கத்தியை அத்தனை பேருக்குச் செய்து கொடுக்கும் பட்டறை அன்று சுவிட்சர்லாந்தில் இல்லை. முதல் தொகுதி ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்திலிருந்து வந்தது. இபாக் என்ற சிற்றூரில் 1884இல் கத்திப் பட்டறை தொடங்கியிருந்த கார்ல் எல்செனருக்கு இது பொறுக்கவில்லை. பிழைப்புத் தேடி ஊர் ஊராக மக்கள் வெளிநாடு போய்க்கொண்டிருந்த காலம் அது. நம் ராணுவக் கத்தியை நாமே செய்தால் நாலு பேருக்கு வேலை கிடைக்குமே என்று கத்திக் கொல்லர்களை ஒன்றுசேர்த்தார். 1891இல் முதல் கத்திகளை ராணுவத்துக்குக் கொடுத்தும்விட்டார். ஆனால் சோலிங்கன்காரர்கள் விலையைக் குறைத்தார்கள். கூட வந்தவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். எல்செனர் கடனில் மூழ்கினார். உறவினர்கள் கைகொடுத்திராவிட்டால் பட்டறை மூடப்பட்டிருக்கும். அதன் பிறகு 1897 ஜூன் 12ஆம் தேதி அவர் பதிவு செய்துகொண்ட அதிகாரிகள் கத்திதான் பட்டறையைத் தூக்கி நிறுத்தியது. எடை குறைவு, கூடுதலாக ஒரு சிறு அலகும் தக்கைத் திருகியும் உண்டு. ராணுவம் அதை அதிகாரபூர்வமாக ஏற்கவில்லை. அதிகாரிகள் தங்கள் சொந்தக் காசில் வாங்கிக்கொண்டார்கள்.

இந்த வரலாற்றில் நான் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புவது ஒன்றே ஒன்றுதான். அவர்கள் முதலில் வேலைகளை எழுதினார்கள். கத்தி அதற்குப் பிறகு வந்தது.

நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளக்கும் கத்தியைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்குகிறோம். 1985இல் வந்த சுவிஸ்சேம்ப் என்ற மாதிரியில் 33 பயன்கள் உண்டு. அழகான வேலைப்பாடு, எனக்கும் அதன் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் கனமாக இருக்கிறதென்று அது பீரோவில் போய் உட்கார்ந்துகொள்ளும். வேலை வரும்போது நாம் நடுரோட்டில் நிற்போம், அது வீட்டில் இருக்கும். மூன்று பயன்கள் மட்டும் உள்ள சிறு கத்தி சட்டைப்பையில் இருந்தால் அதுவே மேல்.

கையோடு கருவி வைத்துக்கொள்ளும் பழக்கம் சுவிஸ்காரர்கள் தொடங்கியது இல்லை. கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் கி.பி. மூன்றாம் நூற்றாண்டு ரோமானியக் கருவி ஒன்று இருக்கிறது. வெள்ளியில் செய்தது, கரண்டி, முள்கரண்டி, இரும்பு அலகு, பல்குத்தி என்று எல்லாம் மடங்கிக்கொள்ளும். நம் தாத்தாக்களின் அரைஞாண் கயிற்றிலும் ஒரு சிறு வளையம் தொங்கியது. அதில் முள்வாங்கியும் காதுக்குறும்பி எடுக்கும் சிறு கரண்டியும் கோத்திருக்கும். செருப்பில்லாமல் காட்டுவழி நடந்தவர்களுக்குக் கருவேல முள் தைப்பது அன்றாடம் நடப்பது. வீட்டுக்குப் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது; அடுத்த அடி வைக்க வேண்டுமே. அதனால்தான் முள்வாங்கி இடுப்பிலேயே இருந்தது. அந்த மனிதர்களிடம் பணம் இருந்ததோ இல்லையோ, தங்கள் நாளில் என்ன வரும் என்ற தெளிவு இருந்தது.

அந்தத் தெளிவை முழுமையாகப் பார்க்க வேண்டுமானால் தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கம் பனையேறிகளைப் பாருங்கள். அறுபது எழுபது அடி உயரத்தில் மட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து செய்கிற வேலை. எதையாவது மறந்துவிட்டால் கீழே இருந்து எடுத்துத் தர ஆள் கிடையாது. இறங்கி மறுபடி ஏறத்தான் வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனையோ மரம் ஏறுகிறவருக்கு வீணாக ஓர் ஏற்றம் என்றால் என்னவென்று எண்ணிப் பாருங்கள். ஆகவே இடுப்புக்குப் பின்னால் அரிவாள்பெட்டி. அதற்குள் பாளை சீவ மெல்லிய அரிவாள். அதைத் தொட்டுக்கூடப் பார்க்கப் பயமாக இருக்கும், அவ்வளவு கூர். கருக்கு மட்டையைக் கழிக்க வேறு அரிவாள். ஒன்றின் வேலையை மற்றதால் செய்ய மாட்டார்கள். மட்டையை வெட்டிய அரிவாளால் பாளையைச் சீவினால் நார் நசுங்கிவிடும், வழி அடைபட்டுவிடும், சொட்டு நின்றுவிடும். பாளையை இடுக்கிப் பதப்படுத்தக் கடிப்பு ஒன்று இருக்கும். பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தின் உட்புறம் தடவச் சுண்ணாம்பு இருக்கும். இவ்வளவுதான். இதில் ஒன்றைக் கூட்டினால் சுமை, ஒன்றைக் குறைத்தால் வேலை நிற்கும். பல தலைமுறைகள் மரத்தின் மேல் உட்கார்ந்து முடிவு செய்த பட்டியல் இது. எந்தப் பொறியியல் கல்லூரியும் இதைவிடச் சிறப்பாகச் செய்ய முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

நான் பஞ்சாலையில் ஃபிட்டராக வேலை பார்த்தவன். அங்கேயும் இதே பாடம்தான். ஸ்பின்னிங் மெஷினில் நூல் அறுந்ததும் பஞ்சு போய் ரோலரில் சுற்றிக்கொள்ளும், லேப்பிங் என்போம். புதிதாக வேலைக்கு வருகிற பையன் அவசரத்தில் பிளேடை எடுத்து அறுக்கப் போவான். மேல் ரோலருக்கு ரப்பர் உறை போட்டிருக்கும். பிளேடு பட்டால் ரப்பரில் கீறல் விழும். கீறல் விழுந்த இடத்தில் பஞ்சு இன்னும் அதிகமாகப் பிடிக்கும். ஆக, ஒருமுறை அறுத்ததற்குத் தண்டனையாகத் திரும்பத் திரும்ப அதே இடத்தில் லேப்பிங். அதனால் பித்தளைக் கொக்கி கொடுத்திருப்பார்கள். பித்தளை ரப்பரைக் காயப்படுத்தாமல் பஞ்சை மட்டும் கிழித்தெடுக்கும். கூர்மைதான் எல்லா இடத்திலும் வேண்டும் என்பதில்லை. எங்கே கூர் கூடாது என்று தெரிந்துவைத்திருப்பதும் கருவியறிவுதான்.

இனி இன்னொரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துக்காரர், டிம் லெதர்மன். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவர். 1975இல் மனைவியுடன் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். கையில் பணம் குறைவு. ஆம்ஸ்டர்டாமில் 300 டாலருக்கு ஒரு பழைய ஃபியட் காரை வாங்கினார்கள். 300 டாலர் கார் எப்படி ஓடும்? வழியெல்லாம் ரிப்பேர். தங்கிய மலிவு விடுதிகளில் குழாய் ஒழுகும். அவர் பையில் சாரணர் வைத்திருப்பது போன்ற ஒரு மடக்குக்கத்தி மட்டும் இருந்தது. ரொட்டி அறுப்பதும் அதில்தான், கார் ரிப்பேரும் அதில்தான். ஒவ்வொரு தடவையும் ஒரே குறை: பிடித்துத் திருக ஒரு பிளேயர் இல்லை. கத்திக்குள் ஒரு பிளேயர் இருந்தால் எப்படி இருக்கும் என்ற எண்ணம் அந்தப் பயணத்தில்தான் அவருக்குள் விழுந்தது.

ஊர் திரும்பியதும் அட்டையை வெட்டி மாதிரி செய்தார். ஒரு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தது மூன்று வருடம் இழுத்தது. 1980இல் காப்புரிமை கிடைத்தது. கத்தி செய்யும் கம்பெனிகளிடம் கொண்டுபோனார். இது கத்தி இல்லை, டூல் என்றார்கள். டூல் செய்யும் கம்பெனிகளிடம் கொண்டுபோனார். இது டூல் இல்லை, ஏதோ விளையாட்டுப் பொருள் என்றார்கள். வருடங்கள் ஓடின. கடைசியில் ஸ்டீவ் பெர்லினர் என்ற நண்பரோடு சேர்ந்து வடிவத்தை எளிமையாக்கி, 1983இல் தாங்களே கம்பெனி தொடங்கினார்கள். கபேலாஸ் என்ற தபால் வணிக நிறுவனத்திடமிருந்து வந்த 500 எண்ணிக்கை ஆர்டர்தான் முதல் பிடிமானம். 1984இல் மட்டும் ஏறக்குறைய 30,000 விற்றது. இன்று கட்டிங் பிளேயருக்குள் கத்தியும் அரமும் திருப்புளியும் மடங்கியிருக்கும் எந்த மல்டி டூலைப் பார்த்தாலும், அதன் வேர் அந்தப் பழைய ஃபியட்டில் இருக்கிறது.

லெதர்மன் உட்கார்ந்து கற்பனை செய்து ஒரு கருவியை உண்டாக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மாதக்கணக்கில் கை ஏங்கியது. எதற்கு ஏங்கியது என்பதை அவர் மறக்கவில்லை. நாம் ஏங்குகிறோம், வேலை எப்படியோ முடிந்ததும் மறந்துவிடுகிறோம். மூக்குக் கண்ணாடியின் ஆணி கழன்று விழுகிறது. நூலைக் கட்டிச் சமாளிக்கிறோம். பார்சல் டேப்பைப் பல்லால் கிழிக்கிறோம். சாவி முனையால் ஸ்க்ரூவைத் திருகிச் சாவியைக் கெடுக்கிறோம். குக்கர் கைப்பிடி ஆடுகிறது, மறுபடி ஆடுகிறது, மாதக்கணக்கில் ஆடுகிறது. இதையெல்லாம் எதிர்பாராத வேலை என்கிறோம். உண்மையில் எந்த நாளில் வரும் என்பதுதான் தெரியாது. வரும் என்பது நன்றாகத் தெரியும்.

ஒரு கருவி தன் வேலையைத் தாண்டி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகள் சொல்லலாம். 1995 நவம்பரில் அட்லாண்டிஸ் விண்ணோடம் ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தோடு இணைந்தது. கதவைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்த கட்டுகள் பிரியவில்லை. கனடா விண்வெளி வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்ட் தன்னிடம் இருந்த சுவிஸ் கத்தியால்தான் அதைத் திறந்தார். இது சந்தோஷமான கதை.

மற்றது அப்படியல்ல. 2003 ஏப்ரல் 26ஆம் தேதி, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் புளூஜான் என்ற குறுகலான மலைப் பிளவுக்குள் ஏரன் ரால்ஸ்டன் என்ற 27 வயது இளைஞர் தனியாக இறங்கினார். சுமார் 360 கிலோ எடையுள்ள பாறை சரிந்து அவர் வலது கையை நசுக்கிப் பிடித்துக்கொண்டது. எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லிவிட்டு வரவில்லை. ஐந்து நாளுக்கு மேல் அங்கேயே நின்றார். அவரிடம் இருந்தது ஒரு மலிவான மல்டி டூல்; டார்ச் லைட் வாங்கினால் இலவசமாகக் கொடுப்பார்களே, அந்தத் தரம் என்று அவரே சொல்லியிருக்கிறார். அதன் அலகால் முதலில் பாறையைச் செதுக்கிப் பார்த்தார். பாறை அசையவில்லை, இருந்த கொஞ்சக் கூரும் போய்விட்டது. கடைசியில் கை எலும்புகளைத் தானே முறித்து, அந்த மழுங்கிய அலகால் சதையை அறுத்து, அலகுக்கு மசியாத தசைநாரை அதே கருவியின் பிளேயரால் துண்டித்து வெளியே வந்தார். இதைத்தான் டேனி பாயில் 2010இல் படமாக எடுத்தார், நம் ஏ.ஆர். ரஹ்மான் இசை. படத்தைப் பார்த்தவர்கள் அந்தக் காட்சியில் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். எனக்கு அந்த அலகின் மழுங்கல்தான் தாங்கவில்லை. ஒரு நல்ல கூர் அவருக்கு எவ்வளவு வேதனையை மிச்சப்படுத்தியிருக்கும்!

ஆகவே கூரைப் பற்றிப் பேச வேண்டும். மழுங்கிய கத்தி ஆபத்தில்லாதது என்று பலர் நம்புகிறார்கள். உண்மை நேர்மாறானது. மழுங்கிய கத்தியை நாம் பலம் போட்டு அழுத்துகிறோம். அது பொருளில் இறங்காமல் வழுக்குகிறது. வழுக்கும்போது அதன் பின்னால் நம் முழு பலமும் இருக்கிறது. கூரான கத்தியை அழுத்தவே தேவையில்லை, இழுத்தால் போதும்.

தெருவில் சாணை பிடிக்க வருகிறவரிடம் அரிவாள்மனையைக் கொடுங்கள், தேங்காய் உடைக்கும் கொடுவாளைக் கொடுங்கள். பேனாக்கத்தியைக் கொடுக்காதீர்கள். அவர் திறமையில் குறையில்லை. மெல்லிய அலகு வேகமாகச் சுழலும் சக்கரத்தின் சூட்டைத் தாங்காது. விளிம்பில் நீலம் பாய்ந்துவிட்டால் எஃகின் பதம் போய்விட்டது என்று பொருள். அதற்குப் பிறகு எத்தனை தடவை தீட்டினாலும் கூர் நிற்காது. ஹார்டுவேர் கடையில் ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் வழவழப்புமாகச் சாணைக்கல் கிடைக்கும். அதைத் தண்ணீரில் நனைத்து, ஈரத்துணி மேல் நகராமல் வையுங்கள். அலகைக் கல்லின் மேல் படுக்கவைத்து, முதுகுப்பக்கத்தைக் கொஞ்சம் தூக்குங்கள். 15 முதல் 20 டிகிரி. கல்லின் மேல்தோலை மெல்லிசாகச் சீவி எடுப்பதாக நினைத்துக்கொண்டு தள்ளுங்கள். இந்தப் பக்கம் எத்தனை தடவையோ அந்தப் பக்கமும் அத்தனை தடவை. அழுத்தம் வேண்டாம். கோணம் மாறாமல் இருப்பதுதான் முழு வித்தையும். செய்தித்தாளைத் தொங்கவிட்டு ஓரத்தில் அலகை வைத்து இழுத்துப் பாருங்கள். கிழியாமல், கசங்காமல் அறுபட்டால் கூர் ஏறிவிட்டது. எந்த இடத்தில் மாட்டுகிறதோ அந்த இடத்தில் இன்னும் வேலை பாக்கி. மடக்கு ஆணியில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், தூசியைப் பிடித்துப் பிசுபிசுத்துவிடும்.

ஒரே கத்திக்குள் இருக்கும் உறுப்புகள் எல்லாம் ஒரே பதத்தில் இருப்பதில்லை என்பதும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. சுவிஸ் கத்தியின் அலகு ராக்வெல் அளவில் 56 கடினம். ரம்பமும் கத்தரியும் 53. திருப்புளியும் டப்பா திறப்பானும் 52. உள்ளே இருக்கும் வில் 49. வெட்டுகிற எஃகு கடினமாக இருக்க வேண்டும். நெம்புகிற எஃகுக்கு வளைந்து கொடுக்கும் குணம் வேண்டும். இதை அறியாமல் அலகின் நுனியை மூடியின் இடுக்கில் விட்டு நெம்புகிறோம். நுனி பட்டென்று ஒடிந்து கண்ணுக்கு நேராகப் பறக்கும். நெம்புவதற்குப் பக்கத்திலேயே திருப்புளி மடங்கிக் கிடக்கும்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒரு சொல். பிரான்சின் சவாய் மலைப்பகுதியில் 1890இல் ஜோசப் ஒப்பினெல் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்தி உலகப் புகழ் பெற்றது. அதில் கார்பன் எஃகு, துருப்பிடிக்காத எஃகு என்று இரண்டு வகை உண்டு. கார்பன் எஃகு எளிதில் கூர் ஏறும், எனக்கு அதுதான் விருப்பம். ஆனால் உப்புக்காற்றில் ஒரே வாரத்தில் செம்புள்ளி விழும், எலுமிச்சம்பழம் நறுக்கினால் கறுத்துப்போகும். ராமேஸ்வரத்திலோ நாகப்பட்டினத்திலோ இருப்பவர்கள் துருப்பிடிக்காத எஃகையே வாங்குங்கள்.

கத்தியைவிடக் கத்தரி மேல் என்று எனக்குப் புரியவைத்தது ஒரு பூக்காரம்மா. சந்தைத் தெருவில் ஒரு பைக் போய்க்கொண்டிருந்தது. பின்னால் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்த பெண்ணின் துப்பட்டா பின்சக்கரத்துக்குள் இழுபட்டுச் செயினோடு சுற்றிக்கொண்டது. வண்டி சாய்ந்தது. கீழே விழுந்தவளின் கழுத்தில் துணி முறுக்கேறி இறுகிவிட்டது. விரல் நுழைக்க இடமில்லை. கூடிய ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் துணியைப் பிடித்து இழுத்தார்கள், அது இன்னும் இறுகியது. நான் பையிலிருந்து கத்தியை எடுத்து விரித்தேன். "தம்பி, கத்திய உள்ள வையி, கழுத்துல பட்டுரும்" என்று அதட்டிக்கொண்டே அந்த அம்மா வந்தார். பூச்சரம் வெட்டுகிற சின்னக் கத்தரி கையில். கழுத்துப் பக்கம் போகவே இல்லை. தோளுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் விறைத்து நின்ற துணியை இரண்டே வெட்டில் துண்டித்தார். முறுக்கு தானாகத் தளர்ந்தது. பிறகு திரும்பிப் போய்ப் பூக்கட்ட உட்கார்ந்துவிட்டார்.

மனித உடம்புக்குப் பக்கத்தில் வேலை என்றால் கத்தரி. முனை மழுங்கிய கத்தரியாக இருந்தால் இன்னும் நல்லது. காயம்பட்டவரின் சட்டையை வெட்டவும், இறுகிய சீட் பெல்ட்டை அறுக்கவும், குழந்தையின் கையில் முடிச்சு விழுந்த கயிற்றை எடுக்கவும் அதுதான் சரி. அலகை மட்டும் பார்த்துக் கத்தி வாங்காதீர்கள், உள்ளே கத்தரி இருக்கிறதா என்று பாருங்கள். தக்கைத் திருகி எதற்கு, நம் வீட்டில் ஒயின் பாட்டிலா திறக்கிறோம் என்று சிலர் கேட்பார்கள். நனைந்து இறுகிய கயிற்று முடிச்சை அவிழ்க்க அதற்கு நிகர் கிடையாது. சில மாதிரிகளில் அதன் சுருளுக்குள் ஊசிபோல் ஒரு சின்னத் திருப்புளியைத் திருகி வைத்திருப்பார்கள். மூக்குக் கண்ணாடி ஆணிக்கென்றே செய்தது.

தமிழ்நாட்டுச் சட்டைப்பையின் உண்மையான கருவி எது என்று கேட்டால் டெஸ்டர் என்பேன். பேனாவுக்குப் பக்கத்தில் குத்திக்கொண்டு நிற்கும் அந்தத் திருப்புளியைச் செருகாத எலக்ட்ரீஷியன் உண்டா? அதற்குள் ஒரு நியான் விளக்கும், மின்சாரத்தை மிகமிகக் குறைத்து விடும் ஒரு ரெசிஸ்டரும் இருக்கின்றன. நுனி லைனில் பட்டு, நம் விரல் மேல்முனையைத் தொடும்போது, நமக்குத் தெரியாத அளவுக்குச் சிறு மின்னோட்டம் உடம்பு வழியாகத் தரைக்குப் போகிறது, விளக்கு எரிகிறது. ஒன்றை மறக்கக் கூடாது. விளக்கு எரிந்தால் கரண்ட் இருக்கிறது என்று நம்பலாம். எரியாவிட்டால் கரண்ட் இல்லை என்று நம்பக் கூடாது. வெளிச்சத்தில் தெரியாமல் போயிருக்கலாம், விளக்கு கெட்டிருக்கலாம். முதலில் கரண்ட் இருக்கிறதென்று தெரிந்த ஒரு பிளக்கில் வைத்துச் சோதியுங்கள். மெயினை அணைத்துவிட்டுத்தான் கை வையுங்கள். இரும்புப் பிடி போட்ட மல்டி டூலை 230 வோல்ட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது. அதன் பிடியும் பிளேயர் முனையும் ஒரே உலோகம். அங்கே பிடிக்கு உறை போட்ட கட்டிங் பிளேயர் மட்டுமே.

என் பையில் இருப்பதைச் சொல்லச் சொல்வீர்கள். கத்தரியோடு கூடிய ஒரு சிறு மடக்குக்கத்தி, ஒரு டெஸ்டர், தீப்பெட்டி அட்டையில் சுற்றிய கொஞ்சம் இன்சுலேஷன் டேப். வண்டியில் என்றால் கூடவே மல்டி டூலும் பிளக் ஸ்பேனரும். இது என் பட்டியல், அப்படியே உங்களுக்குப் பொருந்தாது. ஆசிரியருக்கு ஸ்டேப்ளர் பின் பிடுங்கவும் பென்சில் சீவவும் வேண்டும். தோட்டம் வைத்திருப்பவருக்கு ரம்பம் வேண்டும். கைக்குழந்தைக்காரருக்கு நகவெட்டியும் முள்வாங்கியும் போதும். ஒரு மாதம் உங்கள் கை எதற்கெல்லாம் ஏங்குகிறது என்று குறித்துவையுங்கள். கடைக்குப் பிறகு போங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளைத்தான் ஆயுதப் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. அதிலும் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. நம் பேனாக்கத்தி இதில் வராது. ஆனால் விமானத்தில் கைப்பையில் எந்தக் கத்தியும் கூடாது, செக்-இன் பெட்டியில் வையுங்கள். 2001 செப்டம்பரில் அமெரிக்காவில் நடந்த விமானத் தாக்குதலுக்குப் பிறகு இப்படிப் பறிபோன கத்திகளுக்குக் கணக்கே இல்லை. லண்டனில் பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்கள் கவனியுங்கள்: அங்கே காரணம் சொல்லாமல் வைத்துக்கொள்ள அனுமதி 3 அங்குலத்துக்கு மேற்படாத, விரித்தால் பூட்டிக்கொள்ளாத மடக்குக்கத்திக்கு மட்டும். நீதிமன்றத்துக்கும் கூட்டம் கூடும் இடத்துக்கும் போகும்போது கத்தியை வீட்டில் வைத்துவிடுங்கள். கட்டுப்பாடுகள் உலகெங்கும் இறுகி வருவதால் அலகே இல்லாத சுவிஸ் கருவி ஒன்றை உருவாக்கிவருவதாக எல்செனர் தொடங்கிய நிறுவனமே 2024இல் அறிவித்தது. வருத்தமான செய்திதான். ஆனால் கத்தியைக் கையில் எடுத்தவன் அதைக் குத்தவே எடுத்திருப்பான் என்று ஊர் பயப்படும்படி நடந்துகொண்டவர்கள் மீதுதான் என் வருத்தம்.

அந்தப் பயத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள் என்று பெற்றோரையும் ஆசிரியரையும் கேட்டுக்கொள்கிறேன். இன்றைக்குப் பத்தாம் வகுப்புப் பையனுக்கு ஓர் ஆப்பிளைத் தோல்சீவத் தெரியவில்லை. ஒரு ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருகினால் கழலும் என்று கல்லூரிக்குப் போன பெண்ணுக்குத் தெரியவில்லை. அவர்களுக்கு மூளை இல்லையா? நாம் கையில் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். முனை உருண்டையாக இருக்கும் சிறுவர் கத்திகளை ஒப்பினெல்லும் சுவிஸ்காரர்களும் செய்கிறார்கள். கிடைக்காவிட்டால் வீட்டில் இருக்கும் சிறிய காய்கறிக் கத்தியே போதும். எட்டு, ஒன்பது வயதில் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுங்கள். அலகு எப்போதும் உடம்பை விட்டு வெளியே போக வேண்டும். கை எட்டும் தூரத்துக்குள் வேறு ஆள் நிற்கக் கூடாது. மடக்கும்போது விரல்கள் அலகின் வழியில் இருக்கக் கூடாது. கத்தியைக் கைக்குக் கை கொடுக்காதே, கீழே வை, அவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்வார்களே, அதையும் சொல்லிக்கொடுங்கள். அது நல்ல பாதுகாப்பு விதி. ஆண் பிள்ளைக்கு மட்டும் கொடுத்துப் பெண் பிள்ளையை ஒதுக்காதீர்கள். முதல் மாதத்தில் ஒரு சிறு கீறல் விழும். கழுவித் துடைத்துக் கட்டுப் போட்டுவிட்டு, மறுநாள் அதே கத்தியை மறுபடி கையில் கொடுங்கள்.